பேரேட்டில் விட்ட இடம்

மட்டாஞ்சேரி ஜூ டவுனில், பரதேசி யூத ஜெபாலயம் இருக்கும் அதே வட்டாரத்தில், இந்திய மிளகு மற்றும் வாசனைப்பொருள் வணிகர் சங்கம் 1957-இல் தொடங்கப்பட்டது. வணிகர்கள் அதைச் சுருக்கமாக ‘இப்ஸ்டா’ என்பார்கள். கணினித் திரைகள் வருவதற்கு முன்பு அங்கே மிளகின் முன்பேர வர்த்தகம் வாய்வழியாகவே நடந்தது. தரகர்கள் ஒரே கூடத்தில் கூடி நின்று விலையைக் கூவினார்கள். கூவியபடியே வாங்கினார்கள், விற்றார்கள். கொடியில் இன்னும் முற்றாத மிளகு அங்கே கைமாறியது. 1997-இல் வெளிநாட்டு வணிகர்களும் பங்கேற்கும் பன்னாட்டு மிளகு ஒப்பந்தமும் அங்கே தொடங்கியது.

சரக்கைக் கண்ணால் பார்க்காமல், கையில் அள்ளி முகராமல் ஒருவர் எப்படி வாங்குகிறார்? ஒப்பந்தத்தின் வடிவத்தை நம்பித்தான். வாசகம் எல்லாருக்கும் பொது. எந்த ரகம், எந்த மாதம், என்ன விலை என்ற இடங்கள் மட்டும் காலியாக இருக்கும். கூவி முடித்ததும் அவை நிரம்பும். ‘எம்ஜி 1’ என்று ஒருவர் சொன்னால் அது மலபார் கார்பிள்டு முதல் தரம், அதாவது சுத்தம் செய்து தரம் பிரித்த மிளகு என்று கொச்சியிலும் தெரியும், நியூயார்க்கிலும் தெரியும். சுத்தம் செய்யாத அன்கார்பிள்டுக்கு விலை வேறு. தலச்சேரி கார்பிள்டு ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்டு என்றால் 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் கீழே விழாமல் நிற்கும் பருமணி.

நிலையான வாசகம், அதில் பெயரிட்ட ஒரு காலி இடம். நிரலாளர்கள் ஜெனரிக் என்று சொல்வது இதைத்தான். பைத்தான் மொழியில் இதற்கு முறையான, படிக்க எளிதான எழுத்துமுறை 2023-இல்தான் வந்தது. அந்த எழுத்துமுறையில் ஒற்றை வரி எழுதுகிறவர் தனக்காக மட்டும் எழுதுவதில்லை. அதைப் பயன்படுத்தப்போகும் எல்லாருக்காகவும் சில முடிவுகளை எடுத்துவிடுகிறார். பெரும்பாலும் தெரியாமலேயே எடுத்துவிடுகிறார்.

மிளகு வணிகரின் பேரேட்டைப் பைத்தானில் எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பட்டியல். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் சரக்கும் விலையும். டைப் ஹின்ட்டாக, அதாவது எந்த இடத்தில் எந்த வகைத் தரவு என்ற குறிப்பாக எழுதினால் இப்படி வரும்:

டிக்ட்[மாதம், லிஸ்ட்[டப்பிள்[மிளகு, விலை]]]

ஏலக்காய்க்கும் இதே பேரேடு வேண்டும். மிளகு என்ற இடத்தில் ஏலக்காய் என்று மாற்றி முழு வரியையும் மறுபடி எழுத வேண்டும். சுக்குக்கு இன்னொரு முறை. பத்து ஃபங்ஷன்கள் இருந்தால் பத்து இடத்தில் இந்த அடைப்புக்குறிக் காடு முளைக்கும். ஒரு நாள் விலைக்குப் பக்கத்தில் எடையும் வேண்டும் என்று முதலாளி சொன்னால் அத்தனை இடத்திலும் கை வைக்க வேண்டும். அதில் ஏதோ ஓர் இடம் நிச்சயமாக விடுபடும்.

பைத்தான் 3.12 இதற்குத் தரும் வழி, அந்த நீண்ட வகைக்கு ஒரு மாற்றுப்பெயர் வைக்கும் ஒரே வரி:

டைப் பேரேடு[ச] = டிக்ட்[மாதம், லிஸ்ட்[டப்பிள்[ச, விலை]]]

‘ச’ என்பது காலி இடம். பேரேடு[மிளகு] என்றால் அந்த இடத்தில் மிளகு. பேரேடு[ஏலக்காய்] என்றால் ஏலக்காய். எடையைச் சேர்க்க வேண்டுமானால் இந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும். எங்கெங்கே கணக்கு பிசகுகிறது என்பதை, வகைகளைச் சரிபார்க்கும் கருவியே காட்டிக் கொடுத்துவிடும்.

மேலே உள்ள வரி வெறும் விளக்கத்துக்கு எழுதியது அல்ல. டைப், டிக்ட், லிஸ்ட், டப்பிள் போன்ற மொழியின் சொந்தச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் தந்தால், பேரேடு, மாதம், மிளகு, விலை ஆகியவற்றைத் தமிழிலேயே பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். ‘கொச்சி’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்கும்போது, ஒரு விசைப்பலகை ‘கொ’வின் துணைக்குறியை ஒரே குறியீடாகத் தரும், இன்னொன்று அதே குறியை முன்னும் பின்னுமாக இரண்டு குறியீடுகளாகப் பிரித்துத் தரக்கூடும். பைத்தான் இரண்டையும் ஒரே பெயராகத்தான் எடுத்துக்கொள்ளும். மேற்கோள் குறிக்குள் எழுதும் ஸ்ட்ரிங்குக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே இரண்டும் இரண்டு வெவ்வேறு சொற்கள். ஊர்ப்பெயரைச் சாவியாக வைத்துத் தமிழில் தரவு சேமிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். தமிழிலேயே நிரல் எழுதுவதற்காக முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியும் பைத்தானின் மேல் கட்டப்பட்டதுதான்.

பைத்தானுக்கு இந்த ஜெனரிக் வசதி வந்து சேர்ந்த பாதை நீளமானது. ஒரு வகைக்குள் இன்னொரு வகைக்கு இடம் விட்டு வைக்கும் எண்ணத்துக்குக் கணினி அறிஞர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1967-இலேயே பெயர் சூட்டிவிட்டார். ராபின் மில்னரின் எம்எல் மொழி எழுபதுகளில் அதைச் செயலில் காட்டியது. ஜாவாவுக்கு 2004-இல் வந்தது. பைத்தானோ வகைகளை எழுதவே தேவையில்லை என்ற சுதந்திரத்தால் வளர்ந்த மொழி. கேரளப் பள்ளி மாணவர்கள் ஐசிடி பாடத்தில் பைத்தான் பழகும்போது அவர்களை ஈர்ப்பதும் அந்தச் சுதந்திரம்தான்.

நிரல் நூறு வரியாக இருக்கும்வரை அது வரம். லட்சம் வரியாகும்போது, இந்த ஃபங்ஷன் எதை எதிர்பார்க்கிறது என்பதை எழுதியவரே மறந்துவிடுகிறார்.

பின்லாந்தைச் சேர்ந்த யூக்கா லெஹ்டோசாலோ கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வு செய்தபோது, பின்னாளில் வகைகளைச் சரிபார்க்கும் கருவியான ‘மைபை’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். முதலில் அது பைத்தானைப் போன்ற தனி மொழியாக இருந்தது. 2013-இல் நடந்த பைகான் மாநாட்டில் பைத்தானைப் படைத்த கீடோ வான் ரோசம் அவரிடம், தனி எழுத்துமுறை வேண்டாம், பைத்தானின் எழுத்துமுறையிலேயே செய்யுங்கள் என்று சொன்னார். அதிலிருந்து பிறந்தது பெப் 484 என்ற முன்மொழிவு. வான் ரோசம், லெஹ்டோசாலோ, வூகாஷ் லங்கா மூவரும் எழுதியது. 2015 செப்டம்பரில் வந்த பைத்தான் 3.5-இல் அது இடம்பெற்றது. டிராப்பாக்ஸ் நிறுவனம் 2019-இல் தன்னுடைய நிரலில் சுமார் 40 லட்சம் வரிகளை மைபை கொண்டு சரிபார்ப்பதாக அறிவித்தது.

பெப் 484 ஜெனரிக் மாற்றுப்பெயர்களை அனுமதித்தது. ஆனால் எழுதும் முறை சுற்றி வளைத்தது. முதலில் காலி இடத்தைத் தனியாக அறிவிக்க வேண்டும்: ச = டைப்வார்("ச"). ஒரே பெயரை இரண்டு முறை, அதுவும் சரியாகப் பொருந்தும்படி எழுத வேண்டும். பிறகு சாதாரண மாறிக்கு மதிப்புத் தருவதுபோல பேரேடு = டிக்ட்[மாதம், லிஸ்ட்[டப்பிள்[ச, விலை]]] என்று எழுத வேண்டும். இந்த வரியைப் பார்த்தால் இது மாறியா, மாற்றுப்பெயரா, இதற்குள் காலி இடம் உண்டா என்று எதுவும் தெரியாது. வலப்பக்கத்தில் எங்கோ ஒளிந்திருக்கும் ‘ச’வைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காலி இடங்கள் இரண்டானால் இன்னும் சிக்கல். சரக்குக்கு ‘ச’, நாணயத்துக்கு ‘நா’ என்று வைத்துக்கொண்டு, வலப்பக்கத்தில் டப்பிள்[நா, ச] என்று எழுதியிருந்தால், பழைய முறையில் முதல் இடம் நாணயத்துக்குத்தான். காரணம், எது முதலில் கண்ணில் படுகிறதோ அதுவே முதல் இடம் என்பது விதி. பதிவு[மிளகு, ரூபாய்] என்று நல்லெண்ணத்தோடு எழுதுகிறவருக்கு மிளகு நாணயமாகவும் ரூபாய் சரக்காகவும் போய் உட்கார்ந்துவிடும். பல மாதம் கழித்து வேறொருவர் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று வலப்பக்கத்தை டப்பிள்[ச, நா] என்று திருப்பி வைத்தால், அந்தப் பெயரைப் பயன்படுத்திய எல்லா இடங்களிலும் பொருள் தலைகீழாகும். பேரேட்டின் உள் அமைப்பில் செய்யும் திருத்தம் அதை வெளியிலிருந்து அழைக்கிறவர்களின் கணக்கைக் கெடுப்பது வடிவமைப்பில் இருந்த உண்மையான குறை.

மைக்ரோசாஃப்ட்டின் பைரைட் சரிபார்ப்புக் கருவியை உருவாக்கிய எரிக் ட்ராவ்ட் எழுதிய பெப் 695 அதைச் சரிசெய்தது. 2023 அக்டோபர் 2-இல் வெளிவந்த பைத்தான் 3.12-இல் டைப் என்ற சொல்லே அறிவிப்பாயிற்று. காலி இடங்கள் இடப்பக்கத்திலேயே, எழுதியவர் நினைத்த வரிசையிலேயே நிற்கின்றன. டைப் என்ற பெயரில் ஏற்கெனவே ஃபங்ஷன் இருக்கிறதே என்ற கவலை வேண்டாம். இந்த இடத்தில் மட்டும்தான் அது அறிவிப்புச் சொல், மற்ற இடங்களில் பழைய டைப்தான்.

எழுத்துமுறை தெளிவானாலும், பழைய ஆபத்து ஒன்று அப்படியே இருக்கிறது. அவசரத்தில் ஒருவர் பேரேடு[மிளகு] என்பதற்குப் பதில் வெறும் பேரேடு என்று எழுதிவிடுகிறார். அடைப்புக்குறி இல்லை. பிழை என்று யாரும் சொல்வதில்லை. காலி இடத்தில் ‘எனி’ என்ற வகையைச் சரிபார்க்கும் கருவி போட்டுக்கொள்கிறது. எனி என்றால் எதுவும் சரி, எதைச் செய்தாலும் சரி. அந்தப் பேரேட்டிலிருந்து எடுத்த சரக்கை ஏலக்காய் கேட்கும் ஃபங்ஷனுக்குக் கொடுத்தாலும் கருவி வாய் திறக்காது. திரையில் பிழை எதுவும் இல்லை என்றுதான் வரும். பார்த்தவர் சரிபார்த்தாயிற்று என்று நிம்மதியாகப் போவார். டைப் ஹின்ட்டே எழுதாதவருக்காவது தன்னிடம் பாதுகாப்பு இல்லை என்று தெரியும். இவருக்கு அதுவும் தெரியாது.

மைபையில் ‘டிஸ்அலௌ எனி ஜெனரிக்ஸ்’ என்ற அமைப்பை இயக்கினால், நிரப்பாமல் விட்ட ஒவ்வொரு இடத்தையும் அது சுட்டிக்காட்டும். ‘ஸ்ட்ரிக்ட்’ முறையில் அது தானாகவே இயங்கும். குழுவாக வேலை செய்கிற எவரும் ஜெனரிக் மாற்றுப்பெயர் எழுதத் தொடங்கும் அன்றே இதை இயக்கிவிடுவது நல்லது. பிறகு என்று தள்ளிப்போட்டால் சிவப்பு வரிகள் நூற்றுக்கணக்கில் குவியும். அவற்றைப் பார்த்து மிரண்டு மறுபடி அணைத்துவிடுவார்கள்.

2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13 இன்னொரு வழியும் தந்தது. டைப் பேரேடு[ச = மிளகு] என்று எழுதினால், அடைப்புக்குறியை மறந்தவருக்கு எனி கிடைக்காது, மிளகு கிடைக்கும். மட்டாஞ்சேரியின் பெரும்பாலான கணக்கு மிளகுக்கணக்காக இருக்கும் என்று தெரிந்தவர் எழுதக்கூடிய வரி இது.

காலி இடத்தைச் சரியாக நிரப்பினாலும் இன்னொரு சிக்கல் வரும். மிளகு என்ற வகைக்குக் கீழே எம்ஜி 1 என்ற உள்வகை இருக்கிறது. எம்ஜி 1 எல்லாம் மிளகுதான். அப்படியானால் எம்ஜி 1 மூட்டைகளின் லிஸ்டை, மிளகு லிஸ்ட் கேட்கும் ஃபங்ஷனிடம் கொடுக்கலாம்தானே? புதிதாகப் படிக்கிற எவரும் கொடுக்கலாம் என்பார். சரிபார்க்கும் கருவி கூடாது என்று மறுக்கும். பலர் இந்த இடத்தில்தான் எரிச்சலடைந்து டைப் ஹின்ட்டையே கைவிடுகிறார்கள்.

கிடங்குக்குள் போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும். மிளகு லிஸ்ட் கேட்ட ஃபங்ஷன் அதைப் படிப்பதோடு நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. லிஸ்டில் புதிதாகச் சேர்க்கவும் அதற்கு உரிமை உண்டு. அன்கார்பிள்டு மூட்டை ஒன்றை அது சேர்க்கிறது. அதன் பார்வையில் தவறே இல்லை, அன்கார்பிள்டும் மிளகுதானே. ஆனால் லிஸ்டைக் கொடுத்தவர் இன்னமும் அதை முழுக்க முழுக்க எம்ஜி 1 என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். தூசியும் காம்பும் கலந்த ஒரு மூட்டை தரம் பிரித்த அடுக்குக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது. கருவி மறுத்தது இதைத் தடுக்கத்தான்.

படிக்க மட்டுமே முடிகிற ‘சீக்வென்ஸ்’ என்ற வகையை வாங்கினால் இந்த ஆபத்து இல்லை. சேர்க்கும் உரிமையே இல்லாததால் எம்ஜி 1 சீக்வென்ஸை மிளகு சீக்வென்ஸாகத் தாராளமாகக் கொடுக்கலாம். டிக்ட்டுக்குப் பதில் ‘மேப்பிங்’ போட்டாலும், அதன் மதிப்புகள் விஷயத்தில் அப்படியே. டப்பிளில் முதலிலிருந்தே இந்தச் சிக்கல் இல்லை. கட்டிய பிறகு அதை மாற்ற முடியாது. ஆகவே நம்முடைய வரியை இப்படியும் எழுதலாம்:

டைப் பேரேடு[ச] = மேப்பிங்[மாதம், சீக்வென்ஸ்[டப்பிள்[ச, விலை]]]

இரண்டு சொல்தான் மாறியிருக்கிறது. ஆனால் முதல் பேரேட்டில் எழுதலாம். உயர்தரப் பேரேட்டைப் பொதுப் பேரேடாகக் காட்ட முடியாது. இரண்டாவதில் காட்டலாம், எழுத முடியாது. இந்தப் பெயரை எடுத்துப் பயன்படுத்துகிற நூறு பேரும், வலப்பக்கத்தை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல், இந்த முடிவுக்குக் கட்டுப்பட்டவர்கள். வாசிக்க வரும் ஃபங்ஷன்களுக்கு ஒரு பெயர், எழுத வரும் ஃபங்ஷன்களுக்கு வேறு பெயர் என்று இரண்டாகப் பிரித்து வைப்பது நல்லது. நல்ல நிரல் தொகுப்புகளில் அந்தப் பிரிவு கண்ணுக்குத் தெரியும்.

மாற்றுப்பெயர் புதிய வகை அல்ல என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. டைப் கிலோ = ஃப்ளோட், டைப் குவிண்டால் = ஃப்ளோட் என்று இரண்டு பெயர் வைத்தால், படிக்கிற மனிதருக்குத்தான் இரண்டும் வேறு. கருவிக்கு இரண்டும் ஒரே தசம எண். கொச்சிச் சந்தையின் மிளகு விலை நெடுங்காலம் குவிண்டால் கணக்கில்தான் செய்தித்தாளில் வந்தது. இப்போது கிலோ கணக்கிலும் வருகிறது. பழைய தரவையும் புதிய தரவையும் ஒரே பட்டியலில் கலந்தால் நூறு மடங்கு பிசகு, எந்தச் சிவப்பு வரியும் இல்லாமல். 1999 செப்டம்பர் 23-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனதற்குக் காரணம் அலகுக் குழப்பம்தான். ஒரு மென்பொருள் உந்துவிசையின் கணத்தாக்கைப் பவுண்டு-வினாடி கணக்கில் தந்தது; இன்னொன்று அதை நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட இடங்களுக்கு ‘நியூடைப்’ என்ற வேறொரு வசதி இருக்கிறது. அதில் கிலோ கேட்கும் இடத்தில் குவிண்டாலைக் கொடுத்தால் கருவி பிழை காட்டும்.

சரிபார்க்கும் கருவி எல்லாம் சரி என்று சொன்ன பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. நிரல் ஓடும்போது பைத்தான் இந்தக் குறிப்புகளை மதிப்பதில்லை. பேரேடு[மிளகு] என்று குறித்த மாறியில் வெறும் சொல் ஒன்றை வைத்தாலும் அது அமைதியாக ஓடும். வெளியிலிருந்து வரும் கோப்பு, வலைவழி வரும் தரவு ஆகியவற்றில் என்ன இருக்கிறது என்று குறிப்புக்குத் தெரியாது. 2012 டிசம்பரில் கொச்சியில் முன்பேரச் சந்தைக்கான கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் முத்திரையிட்டார்கள். பளபளப்புக்காகக் கனிம எண்ணெய் பூசப்பட்டிருப்பதாகப் புகார். தாளில் அந்தச் சரக்குக்குத் தரப்பெயர் இருந்தது. மூட்டையைப் பிரித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் எண்ணெய் தெரியும். பைத்தானில் அந்த ஆய்வக வேலையைச் செய்ய ‘பைடான்டிக்’ போன்ற நூலகங்கள் இருக்கின்றன. உள்ளே வரும் தரவை ஓட்டத்தின்போதே பிரித்துப் பார்த்து, வகை பொருந்தாவிட்டால் வாசலிலேயே நிறுத்தும்.

புதிய அறிவிப்புமுறையில் இன்னொரு நயமும் உண்டு. வலப்பக்கத்தைப் பைத்தான் உடனே கணக்கிடுவதில்லை. தேவைப்படும்போதுதான் திறந்து பார்க்கிறது. அதனால் ஒரு பெயர் தன்னையே தனக்குள் சொல்லிக்கொள்ளலாம். சரக்கு ஒரு மூட்டையாக இருக்கலாம், மூட்டைகளின் அடுக்காக இருக்கலாம், அடுக்குகள் நிறைந்த கன்டெய்னராகவும் இருக்கலாம். டைப் சரக்கேடு[ச] = ச | லிஸ்ட்[சரக்கேடு[ச]] என்ற ஒரே வரி எத்தனை அடுக்குக்கும் பொருந்தும். பழைய முறையில் இதைப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத்தான் ஒப்பேற்ற முடிந்தது.

பைத்தான் இன்னும் எட்டாத ஓர் இடமும் இருக்கிறது. பேரேடு[ச] என்பதில் ‘ச’வைக் காலியாக விடலாம். பேரேடு என்ற இடத்தையே காலியாக விட முடியாது. எந்த வகைப் பாத்திரமாக இருந்தாலும் சரி, அதற்குள் இருக்கும் மிளகை எல்லாம் ஏலக்காயாக மாற்றி அதே பாத்திரத்தில் திருப்பிக் கொடு என்று ஒரே ஃபங்ஷனை முழு வகைக் குறிப்போடு எழுத இன்று வழியில்லை. ஹாஸ்கெல் மொழியில் அது அன்றாட வேலை. பைத்தானில் இது வேண்டும் என்று கேட்பவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை பைத்தான் எழுதுகிறவர்கள் லிஸ்டுக்கு ஒன்று, டப்பிளுக்கு ஒன்று, செட்டுக்கு ஒன்று என்று ஒரே ஃபங்ஷனின் தலைப்பைத் தனித்தனியாக எழுதித்தான் சமாளிக்கிறார்கள்.